கிழிந்த டோர் பேடைத் தூக்கிப் போடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பழைய கார்களைப் பற்றி உங்கள் நாளிதழில் வந்த படங்களை ஒன்றுக்கு இரண்டு முறை பார்த்தேன். பெயின்ட் பளபளக்கிறது, பம்பரில் முகம் பார்க்கலாம், பானட்டைத் திறந்து இன்ஜினைக்கூடக் காட்டியிருக்கிறார்கள். ஆனால் ஒரு படத்தில்கூடக் கதவைத் திறந்து உள்ளே காட்டவில்லை. ஏன் என்று இந்த வேலையில் கை வைத்தவர்களுக்குத் தெரியும். இன்ஜினைக் கடைந்து எடுக்கலாம், அரித்துப்போன தகரத்தை வெட்டிவிட்டுப் புதுத் தகரம் வைத்துப் பற்றவைக்கலாம், பிரேக்குக்கு ரப்பர் எங்காவது கிடைத்துவிடும். ஜன்னல் கண்ணாடியை ஏற்றி இறக்கும் கைப்பிடிக்கு அடியில் ஒரு சின்ன பிளாஸ்டிக் வளையம் இருக்குமே, அது உடைந்துபோனால் எங்கே போவது? அதைச் செய்த கம்பெனி மூடியிருக்கும், அதை வார்த்த டை, அதாவது உலோக அச்சு, பழைய இரும்புக்குப் போயிருக்கும். பழைய காரை மீட்பதில் காலம் போவது பெரும்பாலும் இந்தச் சின்னப் பொருள்களில்தான்.

நான் எழுதுவது ஒரே ஒரு விஷயத்துக்காக. பழைய காரைப் பிரிக்கிறவர்கள் உள்ளே இருந்து கழற்றுகிற எதையும், கிழிந்திருந்தாலும், வெடித்திருந்தாலும், பாதிதான் மிச்சம் இருந்தாலும், தயவுசெய்து குப்பையில் போடாதீர்கள். புதிது செய்து மாட்டி, அது சரியாக உட்கார்ந்துவிட்டது என்று பார்த்த பிறகும் போடாதீர்கள்.

எனக்கு இது இழந்த பிறகுதான் புரிந்தது. எங்கள் வீட்டுக் கார் 1960களின் நடுவில் வந்த நாலு கதவு வண்டி. டிங்கரிங், பெயின்ட் வேலைக்காக ஓர் ஒர்க்‌ஷாப்பில் விட்டிருந்தோம். திரும்பப் போய்ப் பார்த்தபோது டோர் பேடுகள், அதாவது கதவின் உள்பக்கத்தை மூடும் ரெக்சின் ஒட்டிய அட்டைகள், இல்லை. ஈரத்தில் ஊறி அட்டை உப்பி, ரெக்சின் கிழிந்து தொங்கிக்கொண்டிருந்தது உண்மைதான், அதனால் "இதை வைத்து என்ன செய்யப் போகிறீர்கள், புதிதாக அடித்துக்கொள்ளலாம்" என்றார்கள். எனக்கும் அப்போது அது சரியாகத்தான் பட்டது. புது அட்டை வெட்ட உட்கார்ந்த அன்றைக்குத்தான் தெரிந்தது, எங்களிடம் வளைவு இல்லை, கைப்பிடிக்கான துளை எங்கே என்று தெரியாது, கிளிப் எத்தனை என்று தெரியாது, ரெக்சினில் குறுக்கே ஓடிய கோடுகள் எத்தனை, ஒன்றுக்கொன்று எவ்வளவு இடைவெளி என்று எதுவுமே தெரியாது. போட்டோக்களில் கதவு மூடியிருக்கிறது. பின்பக்க வலது கதவின் பேடு மட்டும் டிக்கியில் ஸ்டெப்னிக்கு அடியில் கிடந்ததால் தப்பித்தது. அதைத் திருப்பிப் போட்டு இடது பக்கத்துக்கு அளவு எடுத்துவிட்டோம். முன் கதவுகள் வேறு வடிவம், அதற்கு அது உதவவில்லை. மூன்று முறை அட்டை வெட்டி வீணாக்கினோம்.

இந்தப் பொருள்கள் ஏன் இப்படி ஆகின்றன என்று தெரிந்தால் எதைக் காப்பாற்றலாம், எதைப் புதிதாகச் செய்யத்தான் வேண்டும் என்று பிரித்துப் பார்க்க முடியும். ரெக்சினும் டேஷ்போர்டின் மேல்தோலும் பெரும்பாலும் பிவிசி. பிவிசி தன்னளவில் விறைப்பானது, அதை மெத்தென்று ஆக்க ஒரு எண்ணெய் போன்ற பொருளைக் கலந்திருப்பார்கள். வெயிலில் அந்த எண்ணெய் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறும். வெயிலில் நின்ற காரின் முன்கண்ணாடியில் உள்பக்கம் மங்கலாக ஒரு படலம் பிடிக்குமே, அதில் ஒரு பங்கு இதுதான். எண்ணெய் போகப் போகத் தோல் சுருங்கும், அடியில் ஒட்டியிருக்கும் ஃபோம் சுருங்க விடாது, கடைசியில் நடுவில் வெடிக்கும். பழைய ஸ்டியரிங் வீலிலும் இதே கதைதான்: உள்ளே இரும்புச் சட்டம், மேலே பல வண்டிகளில் செல்லுலோஸ் வகை பிளாஸ்டிக், பிளாஸ்டிக் சுருங்குகிறது, இரும்பு அசையாது, ஆரங்கள் சேரும் இடத்தில் விரிசல் விழுகிறது. கைப்பிடிகள், பூண்கள் பெரும்பாலும் துத்தநாகக் கலவையில் வார்த்துக் குரோம் முலாம் பூசியவை. முலாமில் ஊசி முனையளவு ஓட்டை விழுந்தாலும் ஈரம் உள்ளே போய் அடியில் இருக்கும் துத்தநாகத்தைத் தின்னும், மேலே கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பும். துத்தநாகத்தில் ஈயக் கலப்பு அதிகமாகிவிட்ட வார்ப்பு என்றால் இன்னும் மோசம், முலாம் நன்றாக இருந்தாலும் உள்ளுக்குள்ளேயே நொறுங்கிவிடும்.

டோர் பேடு அட்டையின் கதை தனி. அது கெட்டதற்குக் காரணம் அட்டை இல்லை. கதவின் கண்ணாடி வழியாக மழைநீர் உள்ளே இறங்கத்தான் செய்யும், அது அடியில் இருக்கும் ஓட்டைகளில் வழிந்து வெளியே போகும்படிதான் கதவைச் செய்திருக்கிறார்கள். அந்த நீர் அட்டையில் படாமல் இருக்கக் கதவின் தகரத்துக்கும் பேடுக்கும் நடுவே மெழுகுத்தாளோ பிளாஸ்டிக் தாளோ ஒட்டியிருப்பார்கள். என்றைக்கோ ஒருநாள் கண்ணாடி ஏறவில்லை என்று பேடைக் கழற்றியவர் அந்தத் தாளைக் கிழித்துவிட்டுத் திரும்ப ஒட்டாமல் மூடியிருப்பார். அந்தத் தாள் இல்லாமல் எவ்வளவு நல்ல அட்டையில் புதுப் பேடு செய்து மாட்டினாலும் சில மழைக்காலத்துக்குள் மறுபடி உப்பும். ஓட்டைகளில் மண் அடைத்திருக்கிறதா என்று பார்க்காமல் மூடுவதும் அப்படித்தான்.

சரி, பாழான பாகத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று கேட்பவர்களுக்குத்தான் இதை விரிவாக எழுதுகிறேன். தப்பித்த அந்த ஒரு பேடை மேசையில் போட்டு ஒரு நாள் முழுக்கப் பார்த்தேன். முன்பக்கம் வெளிறிப்போய் என்ன நிறம் என்றே சொல்ல முடியவில்லை. குரோம் பட்டியைக் கழற்றியதும் அதன் அடியில் வெயிலே படாத ஒரு விரல் அகல ரெக்சின், தொழிற்சாலையில் இருந்து வந்த அன்றைக்கு இருந்த சிவப்பில் இருந்தது. நாங்கள் அதுவரை பழுப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தோம்! அட்டையின் ஓரத்தில் பின்பக்கமாக மடித்து ஒட்டிய ரெக்சினிலும் அதே சிவப்பு. மடிப்பு எத்தனை மில்லிமீட்டர் என்றும் அங்கேதான் தெரிந்தது. பின்பக்கத்தில் கிளிப் துளைகள் வட்டமாக இல்லை, சாவித்துளை மாதிரி ஒரு பக்கம் அகன்று ஒரு பக்கம் குறுகி இருந்தன. கிளிப் உள்ளே நுழைந்து நகர்ந்து பூட்டிக்கொள்வதற்காக அந்த வடிவம், வட்டமாகத் துளைத்தால் பேடு கொஞ்சமும் நகராது, ஒரு கிளிப் இடம் தவறினாலும் மாட்ட வராது. ஒரு மூலையில் மை முத்திரையில் நாலு இலக்க எண். இன்னொரு இடத்தில் அட்டையின் மூல தடிமன், உப்பாத பகுதி, வெர்னியர் அளவுகோலில் வைத்தால் 3 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. உப்பிய இடத்தில் அளந்திருந்தால் 5 என்று வந்திருக்கும், அந்தத் தடிமனில் அட்டை வெட்டிக் கைப்பிடியை மாட்டினால் திருகு எட்டாது.

வெடித்த டேஷ்போர்டும் இப்படித்தான், பார்க்கத் தெரிந்தால் நிறைய சொல்லும். உடைந்த ஓரம் ஒரு குறுக்குவெட்டு: மேல்தோல் எவ்வளவு தடிமன், அடியில் ஃபோம் எவ்வளவு, அது எந்த இடத்தில் மெலிகிறது, தகரச் சட்டம் எங்கே தொடங்குகிறது என்று வெட்டிப் பார்க்காமலே தெரிந்துவிடும். முழுசாக இருக்கும் டேஷ்போர்டை யாராவது அதற்காக வெட்ட விடுவார்களா?

அளவு எடுக்கும்போது ஒரு விஷயத்தில் ஏமாந்துவிடக் கூடாது. பழைய பாகத்தை அப்படியே அச்சு எடுத்து வார்த்தால் அதே பாகம் கிடைத்துவிடும் என்று நினைப்போம். கிடைக்காது. அந்தப் பாகமே சுருங்கிப்போனது. ஏபிஎஸ் பிளாஸ்டிக்கை டையில் வார்க்கும்போதே நூற்றில் அரை பங்கு அளவுக்குச் சுருங்கும், அதைக் கணக்கிட்டு டையைப் பெரிதாகச் செய்திருப்பார்கள். அப்புறம் பல ஆண்டு வெயிலில் கொஞ்சம் சுருங்கியிருக்கும் அல்லது வளைந்திருக்கும். அதன் மேல் நாம் எடுக்கும் அச்சும், அதில் ஊற்றி உறையவைக்கும் ரெசினும் தங்கள் பங்குக்குச் சுருங்கும். 600 மில்லிமீட்டர் நீளமுள்ள ஒரு பட்டியில் அரை சதவீதம் என்றால் 3 மில்லிமீட்டர். ஒரு முனையில் கிளிப் மாட்டினால் மறுமுனையில் கிளிப்பும் துளையும் சந்திக்காது. அதனால் நீள அகலங்களுக்கு நான் நம்புவது காரின் தகரத்தைத்தான். தகரத்தில் போட்ட துளைகள் அன்றைக்கு இருந்த இடத்திலேயே இருக்கின்றன. ஒரு பெரிய டிரேசிங் தாளைக் கதவின் மேல் ஒட்டி, எல்லாத் துளைகளையும் பென்சிலால் தேய்த்து எடுத்துக்கொண்டு, பழைய பாகத்தை அதன்மேல் வைத்துப் பார்த்தால் எங்கே எவ்வளவு சுருங்கியிருக்கிறது என்று கண்ணால் பார்க்கலாம். வளைவு, விளிம்பு, மேற்பரப்பின் வரி, கனம் ஆகியவற்றைப் பழைய பாகத்திடம் கேட்க வேண்டும், தூரத்தைத் தகரத்திடம் கேட்க வேண்டும்.

சின்ன நாப், குமிழ், வளையம் போன்றவற்றுக்கு வீட்டில் செய்யக்கூடியது சிலிக்கோன் அச்சும் பாலியூரிதேன் ரெசினும்தான். முதலில் பழைய பாகத்தைச் சரிசெய்ய வேண்டும், தேய்ந்த எழுத்துகளைச் செதுக்கி, உடைந்த மூலையைப் புட்டி வைத்து நிரப்பி, உப்புத்தாளில் தேய்த்து, அது புதிதாக இருந்தபோது எப்படி இருந்ததோ அப்படிக் கொண்டுவர வேண்டும். இங்கே பலர் அவசரப்படுகிறார்கள். அச்சு எல்லாவற்றையும் பிடிக்கும், விரல் ரேகையைக்கூட விடாது. மூலத்தில் விட்ட ஒரு கீறல் வார்க்கிற ஒவ்வொரு நாபிலும் வரும்.

சிலிக்கோனில் இரண்டு வகை உண்டு. டின், அதாவது வெள்ளீயம், கலந்து உறையவைக்கும் வகை மலிவு, எளிதில் உறையும், ஆனால் நாளாக ஆகச் சுருங்கும், அச்சை எடுத்து வைத்துவிட்டு ஆறு மாதம் கழித்து வார்த்தால் அளவு மாறியிருக்கும். பிளாட்டினம் வகை ஏறக்குறைய சுருங்காது, ஆனால் அதற்குக் கந்தகம் ஆகாது. பாகத்தைப் பதித்து வைக்க எடுக்கும் களிமண்ணில் கந்தகம் இருந்தால் அதைத் தொடும் இடத்தில் சிலிக்கோன் உறையாமல் பிசுபிசுவென்று நிற்கும், மூலப் பாகமும் அதில் ஒட்டிக்கொண்டு பாழாகும். ஒரே ஒரு மூலம்தான் இருக்கிறது என்றால் முதலில் ஓரத்தில் ஒரு துளி வைத்து உறைகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் முழுசாக ஊற்ற வேண்டும். கலக்கிய சிலிக்கோனை வெற்றிடத்தில் வைத்துக் காற்றை எடுத்தால் நல்லது, அது பொங்கி நாலைந்து மடங்கு உயரும், அதற்குத் தக்க பெரிய பாத்திரம் வேண்டும். வெற்றிட இயந்திரம் இல்லாவிட்டால் முதல் பூச்சைத் தூரிகையால் தடவிவிட்டு, மீதியை உயரத்தில் இருந்து நூல் மாதிரி மெல்லிதாக ஒரே மூலையில் ஊற்றினால் காற்றுக் குமிழ் பெருமளவு குறையும். நிறத்தை ரெசினிலேயே கலந்துவிடுங்கள். மேலே பெயின்ட் அடித்த நாப் கையில் தேயத் தேய உள்ளே வேறு நிறம் தெரியும். திருகு மரை வேண்டிய இடத்தில் பித்தளைச் செருகலை அச்சில் வைத்து ரெசினை ஊற்றுங்கள், ரெசினிலேயே மரை வெட்டினால் நாலு தடவை திருகியதும் வழுக்கும்.

இரண்டு பாகமாகக் கலக்கும் இந்த ரெசினின் ஒரு பாகத்தில் ஐசோசயனேட் என்ற வேதிப்பொருள் இருக்கிறது. அது மூச்சுக்குழாயைக் கெடுக்கும், ஒருமுறை உடம்பு அதற்கு ஒவ்வாமை கொண்டுவிட்டால் அப்புறம் துளி வாசனையே இளைப்பைக் கொண்டுவரும். ஜன்னலைத் திறந்து வைத்து, கையுறையும் அதற்கென்று உள்ள முகமூடியும் போட்டுக்கொண்டு செய்யுங்கள். பழைய காரில் இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவில் இருக்கும் வெப்பத் தடுப்பு அட்டையில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்க வாய்ப்பு உண்டு, அதைத் தேய்க்கவோ கிழிக்கவோ கூடாது. "தூக்கிப் போடாதீர்கள்" என்று நான் சொல்வதில் அது மட்டும் சேராது, அதை முறைப்படி அப்புறப்படுத்துகிறவர்களிடம் விட்டுவிடுங்கள்.

குரோம் போன துத்தநாகக் கைப்பிடிகளுக்கு வேறு வழி. மெழுகில் பிரதி எடுத்துப் பித்தளையில் வார்க்கலாம். பித்தளை ஆறும்போது ஒன்றரை சதவீதம் அளவுக்குச் சுருங்கும், அதனால் மெழுகைக் கொஞ்சம் பெரிதாகச் செய்ய வேண்டும். கனம் கூடும்தான், ஆனால் பித்தளைமேல் முலாம் அருமையாகப் பிடிக்கும், துத்தநாகம்போல் உள்ளிருந்து கொப்புளிக்காது. பழைய கைப்பிடியே ஓரளவு நன்றாக இருந்தால், குழிகளைச் சுரண்டிச் செம்பு முலாம் கனமாக ஏற்றி, மட்டமாக்கி, மேலே நிக்கல், அதற்கு மேல் குரோம் என்று மீட்டுவிடலாம். வேலை அதிகம், ஆனால் அந்தக் கைப்பிடி பழைய கைப்பிடியாகவே இருக்கும். ஸ்டியரிங் விரிசலையும் முடிந்தவரை இப்படியே மீட்கலாம். மயிரிழை விரிசலில் பசையைத் தடவினால் நிற்காது, அதை அரத்தால் வி வடிவத்தில் அகலமாக்கி, எபாக்சியை நிரப்பித் தேய்க்க வேண்டும். உள்ளே இரும்புச் சட்டம் துருப்பிடித்து மெலிந்திருந்தால் மட்டும் மேலே அழகுபடுத்தி ஓட்டாதீர்கள், அந்த வண்டிக்கு வேறு ஸ்டியரிங் தேட வேண்டும்.

இப்போது எல்லாரும் கேட்பது 3டி பிரிண்டிங். நிச்சயம் பயனுள்ளது, நானும் பயன்படுத்துகிறேன். பெரிய கம்பெனிகளே செய்கிறார்கள்: மெர்சிடிஸ் பென்ஸின் கிளாசிக் பிரிவு 1950களின் 300 எஸ்எல் கூபேக்கு உள்ளே மாட்டும் ரியர் வியூ கண்ணாடியின் அடித்தாங்கியையும், பழைய மாடல்களின் சன்ரூஃப் நகரும் சின்ன உருளையையும் இந்த முறையில் செய்து தருகிறது. ஆனால் வீட்டு பிரிண்டரில் பெரும்பாலானவர்கள் முதலில் எடுப்பது பிஎல்ஏ என்ற பிளாஸ்டிக் இழை. அது ஏறக்குறைய 60 டிகிரியில் இளகும். மூடிய கார் வெயிலில் நின்றால் டேஷ்போர்டின் மேல்பரப்பு 70 டிகிரியைத் தாண்டக்கூடும். ஒரே மத்தியானத்தில் அந்த இழையில் செய்த ஸ்பீக்கர் ஜாலி தொய்ந்து வளைந்து நிற்பதைப் பார்க்க வேதனையாக இருக்கும். ஏபிஎஸ் 100 டிகிரி வரை தாங்கும், ஏஎஸ்ஏ என்ற இன்னொரு பிளாஸ்டிக் அந்த அளவு தாங்குவதோடு வெயிலின் புற ஊதாக் கதிருக்கும் ஈடுகொடுக்கும், உள் பாகங்களுக்கு என் கணக்கில் அதுதான் நல்ல தேர்வு. பிஎல்ஏவை வீசிவிட வேண்டியதில்லை. மாதிரி பார்க்க, பொருத்திப் பார்க்க, தேய்த்துப் பிரைமர் அடித்துச் சிலிக்கோன் அச்சுக்கு மூலமாக வைக்க அது போதும். எனக்கு மிகவும் சரியாக வந்த பாகங்கள் இப்படி வந்தவைதான்: உடைந்த துண்டை ஸ்கேன் செய்து, காணாமல் போன பாதியைக் கணினியில் நிரப்பி, சுருக்கத்தைக் கூட்டி, பிரிண்ட் எடுத்து, கையால் தேய்த்து, அப்புறம் வார்ப்பு. ஸ்கேன் செய்யவும் அந்த உடைந்த துண்டு கையில் இருக்க வேண்டுமே.

மேற்பரப்பின் வரியைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அங்கேதான் கண் பிடிக்கிறது. அளவெல்லாம் சரியாக வந்த ஒரு பாகம் காருக்குள் வைத்ததும் அந்நியமாகத் தெரியும். தோல் போன்ற அந்த நுண்ணிய வரி இல்லாமல் வழுவழுவென்று இருப்பதாலோ, மினுமினுப்பு கூடுதலாக இருப்பதாலோ அப்படித் தெரிகிறது. காரில் கைபடாத இடம் ஒன்று எப்போதும் இருக்கும், கிளவ் பாக்ஸ் மூடியின் உள்விளிம்பு மாதிரி. அங்கே மெல்லிய சிலிக்கோன் படலம் ஊற்றி வரியை எடுத்து, அதைப் புது அச்சின் உள்பக்கத்தில் பதித்துக்கொள்ளலாம். நிறம் சேர்ப்பதை டியூப்லைட் வெளிச்சத்தில் மட்டும் முடிவு செய்யாதீர்கள், ஒரு வெளிச்சத்தில் ஒத்துப்போகும் இரண்டு சிவப்பு வெயிலில் வேறு வேறாக நிற்கும். டோர் பேடின் கோடுகளும் அப்படித்தான். எங்கள் வண்டியில் அவை தைத்தவை இல்லை, பித்தளை டையை வைத்து அழுத்தி உயர் அதிர்வெண் மின்சாரத்தில் ரெக்சினை உருக்கி ஒட்டியவை. இந்த இயந்திரங்கள் 27.12 மெகாஹெர்ட்ஸில் ஓடும், பைகள், கூடாரத் துணிகள் ஒட்டுகிற இடங்களில் இன்றைக்கும் இருக்கின்றன. குஷன் வேலை செய்கிறவர் தையல் போட்டுத் தருகிறேன் என்பார், நன்றாகவும் தைப்பார், ஆனால் அது வேறு காராகிவிடும்.

மரத்தகடு பதித்த டேஷ்போர்டு என்றால் இன்னும் பொறுமை வேண்டும். ஒரே மரத்தில் அடுத்தடுத்து அறுத்த மெல்லிய தகடுகளைப் புத்தகம் விரித்ததுபோல் இரண்டு பக்கமும் ஒட்டியிருப்பார்கள், வலப்பக்க ரேகை இடப்பக்கத்தில் கண்ணாடியில் தெரிவதுபோல் இருக்கும். ஒரு பலகையை மட்டும் புதிதாக மாற்றினால் அந்த ஜோடி என்றைக்கும் சேராது. வெடித்திருப்பது பல நேரம் மேலே உள்ள வார்னிஷ்தான், மரம் இல்லை. வார்னிஷை மட்டும் உரித்துப் பாருங்கள், கீழே மரம் அப்படியே இருக்கும். உரித்த பிறகு உப்புத்தாளைப் பார்த்துப் போடுங்கள், தகடு ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது.

புதிதாகச் செய்யும் பாகம் அழகாக இருந்தால் மட்டும் போதாது. அமெரிக்காவில் 1972 முதல் நடைமுறையில் இருக்கும் ஒரு பாதுகாப்பு விதி, காரின் உள்ளே போடும் துணி, ஃபோம், பேடு போன்றவற்றில் தீ பற்றினால் நிமிடத்துக்கு 102 மில்லிமீட்டருக்கு மேல் பரவக் கூடாது என்கிறது. உங்கள் வண்டி அதற்கு முந்தியதாக இருக்கலாம், சட்டம் உங்களைக் கேட்காமலும் இருக்கலாம். ஆனால் புது ஃபோமும் ரெக்சினும் வாங்கும்போது வாகனத்துக்கென்று தீத்தடுப்புச் சோதனை செய்ததா என்று கேட்டு வாங்குவதற்கு என்ன தடை? தலை மோதக்கூடிய இடத்தில் கெட்டியான ரெசினை வைக்காதீர்கள். மெத்தென்று இருந்த டேஷ்போர்டு ஓரத்தைக் கண்ணாடி இழையில் செய்து மேலே ரெக்சின் இழுத்து மூடியதை நானே பார்த்திருக்கிறேன். கண்ணுக்கு அசல், ஆனால் மோதினால் கல்.

இன்னொன்று, புதிது என்றால் புதிது என்று அதில் எழுதி வையுங்கள். பின்பக்கத்தில், கண்ணில் படாத இடத்தில், செய்த ஆண்டும் "மறு உருவாக்கம்" என்ற ஒரு சொல்லும் போதும். ஃபிவா என்ற உலகப் பழைய வாகனக் கூட்டமைப்பின் டூரின் சாசனமும் மாற்றிய பாகங்களை அடையாளம் காண முடிய வேண்டும் என்றுதான் கேட்கிறது. அச்சிலேயே அந்த எழுத்தைப் பதித்துவிட்டால் அழியாது. நாற்பது ஆண்டு கழித்து அந்தக் காரைத் திறப்பவர் நம் பிரதியை அசல் என்று நம்பி, அதிலிருந்து மறுபடி அச்சு எடுத்தால், நம் தவறுகளும் நம் சுருக்கமும் அவர் காரில் போய் உட்காரும்.

கார் செய்த கம்பெனிகளிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. விற்பனை நின்று பல பத்தாண்டு ஆன மாடல்களின் உள் பாக வரைபடங்கள் எங்கேயாவது அலமாரியில் தூங்கிக்கொண்டிருந்தால் அவற்றை வெளியிடுங்கள். ஒரு வளையத்தின் வரைபடத்தால் உங்கள் புது வண்டி வியாபாரத்துக்கு ஒரு குறையும் வராது. ஸ்கேன் எடுத்து வைத்திருக்கிற கார்க்காரர்களும் அதை மறைத்து வைக்காதீர்கள். ஒரே மாடல் வைத்திருக்கும் பத்துப் பேர் தனித்தனியாக ஒரே நாபுக்கு அச்சு எடுப்பதைப் பார்த்திருக்கிறேன், பத்தில் எட்டுப் பேரின் முதல் முயற்சி வீண்தான்.

உங்களிடம் கேட்பது இதுதான். அடுத்த முறை பழைய கார்களைப் பற்றி எழுதும்போது குஷன் தைப்பவர்கள், அச்சு எடுப்பவர்கள், முலாம் போடுபவர்கள் ஆகியோரிடமும் பேசி எழுதுங்கள். அவர்கள் கையில் இருக்கும் விவரம் எந்தக் கையேட்டிலும் இல்லை.

கழற்றிய பாகங்களை வைத்திருப்பது பெரிய வேலை இல்லை. கழற்றும் முன் பக்கத்தில் ஒரு அளவுகோலை வைத்து நேராக ஒரு போட்டோ, கழற்றிய பின் பின்பக்கத்தை ஒரு போட்டோ. திருகுகளையும் கிளிப்புகளையும் அந்தந்தப் பாகத்தோடு ஒரே பையில் போட்டு, எந்தக் கதவு, எந்தப் பக்கம் என்று சீட்டு எழுதுங்கள். டோர் பேடுகளைச் சாய்த்து வைக்காமல் மட்டமாகப் படுக்க வையுங்கள், இல்லாவிட்டால் அப்படியே வளைந்துவிடும். வெயிலும் ஈரமும் படாத இடமாக இருந்தால் போதும்.

எங்கள் வண்டியில் இப்போது நான்கு பேடும் மாட்டியாகிவிட்டது, நாப்கள் எல்லாம் வந்துவிட்டன. முன்பக்க இடது கதவில் கண்ணாடி ஏற்றும் கைப்பிடிக்கு அடியில் இருக்க வேண்டிய வளையம் மட்டும் இன்னும் இல்லை. முன் கதவு வளையம் பின் கதவு வளையத்தைவிடப் பெரியது, அதன் விளிம்பில் ஒரு படி இருந்தது என்று நினைவு, அது உள்பக்கமா வெளிப்பக்கமா என்று எங்கள் வீட்டில் ஒருவருக்கும் உறுதியாகத் தெரியவில்லை. யாராவது அந்தக் காலத்துக் காரைப் பிரிக்கும்போது அப்படி ஒரு வளையம் பாதியாக உடைந்து கையில் வந்தால், அதை எறியாமல் ஒரு பையில் போட்டு வையுங்கள். பாதி இருந்தாலே எனக்குப் போதும்.

இப்படிக்கு,
உங்கள் நாளிதழின் நெடுநாள் வாசகர்